மணல் டெய்லர் கடலில் விழுந்த வெள்ளிக்கிழமை

மச்சான்,

இன்று காலை கடைக்குக் காடாத் துணி ஒரு பேல் வந்து இறங்கியது. கயிற்றை அறுத்து மேல் மடிப்பைப் பிரித்தேனோ இல்லையோ, புதுக் கஞ்சி வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பழைய சோற்றுப் பானை. ஊரில் மற்ற டெய்லர்களுக்கு அது தலையணை உறை வாசனை. எனக்கு அது கடல் வாசனை. புதுக்கோட்டைக் கடைத்தெருவில் உட்கார்ந்தபடி கடலை மோந்து பார்க்கிற ஒரே தையல்காரன் நான்தான் என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். போன ஐப்பசி மழையில் நீ கண்ணை மூடிவிட்டாய் என்பது தெரியும். தெரிந்தால் என்ன? எதிரில் ஆள் இல்லை என்பதற்காகப் பேச்சை நிறுத்துகிறவனா நான்? எழுத்துப் பிழை பார்க்காதே. ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான்; கூட்டினால் பத்தாவது வருகிறது.

நீ முதன்முதலாக என் கடைக்கு வந்ததும் காடாத் துணிக்காகத்தான். சமஸ்தானம் கலைந்து, நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகிக் கொஞ்ச வருஷம் இருக்கும். உடைந்த துடுப்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு, இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது காலை இழுத்தபடி படியேறி வந்தாய். தோளில் ஒரு கிழிந்த படகுப் பாய். அதைக் கடை முழுக்க விரித்துப் போட்டாய். தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள்.

"இதே அளவுக்குப் புதுசு ஒண்ணு தைக்கணும். எங்க ஊரு ஆளுகளுக்கு இப்ப மீன் சீசன். பிள்ளைகளுக்குப் பாய் தைக்க எங்களுக்கு நேரமில்லங்கிறாங்க."

"படகுப் பாய்தானே? எத்தனையோ தைச்சிருக்கேன்."

"எங்கிட்டு?"

"அரண்மனைக்கே தைச்சவன் நான்."

"அரண்மனையில ஏதுங்க படகு?"

பேண்டு வாசிக்கிறவர்களுக்குக் கால்சட்டை தைத்ததைச் சொன்னேன். நீ சிரிக்காமல் தலையாட்டினாய்.

"கடலைப் பாத்திருக்கீங்களா?"

"வல்லத்திராக்கோட்டைக்காரன்கிட்டக் கேக்குற கேள்வியா இது? எங்க கண்மாய் நெறஞ்சா ஒங்க கடலு அது பக்கத்துல நிக்காது."

அப்போதுதான் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்து, டீ குடித்து முடிப்பதற்குள் நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மாப்ளே. பாயைத் தைத்து, நானே பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினத்துக்குக் கொண்டு வந்தேன். கடல் எங்கள் கண்மாயைவிடக் கொஞ்சம் பெரிதுதான் என்பதை அன்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகாது. ஜும்மா தொழுகைக்காக எல்லாப் படகும் கரையேறி வரிசையாகப் படுத்திருக்கும். அந்தச் சும்மா கிடக்கிற நாளைத்தான் நீ கேட்டு வாங்கியிருந்தாய். படகு முதலாளி பெரிய சம்மாட்டியிடம் படகுகள் நிறைய. அதில் ஒரு பழைய வத்தை, தொழிலுக்கு ஆகாதென்று ஓரமாகக் கிடந்தது. ஒற்றைப் பாய்மரம் வைத்த அந்தச் சின்னப் படகை, தொழுகை முடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாய்.

எந்தப் பிள்ளைகளுக்கு என்று அன்றுதான் பார்த்தேன். இரண்டு கையிலும் டயர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கையாலேயே மணலில் நடந்து வந்தாள் மைமூன். பன்னிரண்டு வயது இருக்கும். பின்னாலேயே அரிமளம் பக்கத்து முருகேசன். அவனுக்கும் கால் இரண்டும் சூம்பல், தகப்பன் இல்லாதவன், மாமன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வளர்ந்தவன். அப்புறம் காது கேளாத அண்ணன் தம்பி இரண்டு பேர். ஊரில் இவர்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது. அதை எழுத மாட்டேன்.

"இதுகளை வச்சுக்கிட்டு எப்படி மச்சான்?" என்று நான் கேட்டதற்கு நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் சுடுகிறது.

"எங்க வாப்பா என்னையச் சுக்கான் பிடிக்க ஒக்கார வச்ச அன்னியோட ஊரு என்னைய நொண்டின்னு கூப்பிடுறத விட்டுச்சு மாப்ளே. கடல்ல எவன் நடந்து போறான்?"

பிறகு மைமூனின் கையைத் தூக்கிக் காட்டினாய். "நடந்து நடந்து இந்தக் கை எப்படி இருக்கு பாரு. சுக்கானுக்குன்னே அல்லா செஞ்ச கை." காது கேளாத பையன்களைப் பற்றிச் சொன்னாய்: "காத்து அடிச்சா நடுக்கடல்ல எல்லாரும் செவிடுதான். இவங்க முன்னாடியே பழகிக்கிட்டு வந்தவங்க." கையைத் தூக்கினால் பாயை இழு, தாழ்த்தினால் விடு. அவ்வளவுதான் உன் பள்ளிக்கூடம்.

எனக்கும் அதில் ஒரு பதவி கொடுத்தாய். வத்தையின் குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டிருக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஆள் உட்கார வேண்டும். பாய் படகை ஒரு பக்கம் சாய்க்கும். ஆளின் கனம் மறுபக்கம் இழுத்து நிமிர்த்தும். பிள்ளைகள் கனமே இல்லாமல் காற்றாய் இருந்தார்கள். நானோ அப்போதே நல்ல உடம்பு. பலகை நுனியில் நான் உட்கார்ந்தால் புயலே வந்தாலும் படகு அசையாது. கப்பலில் கேப்டனுக்கு அடுத்த இடம் அது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமையானா கடையப் பூட்டிட்டு ஓடுறீங்களே, தொழுகைக்கா போறீங்க?" என்பாள் என் வீட்டுக்காரி.

"ஒரு கப்பலே என்னைய நம்பி நிக்குதுடி."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பலகையில் உட்கார்ந்து நான் அரண்மனைக் கதை சொல்ல ஆரம்பித்தால் மைமூன்தான் அதட்டுவாள். "டெய்லர் மாமா, பேசாம ஒக்காருங்க. பேசப் பேச ஒங்க கனம் கொறையுது."

முதலில் சுக்கானை நீ பிடித்தாய், அவள் உன் கைமேல் கை வைத்தாள். பிறகு அவள் பிடித்தாள், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். தரையில் நாலு அடி நகர யாரையாவது கெஞ்சிக்கொண்டிருந்த பெண், தண்ணீரில் நினைத்த பக்கம் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். வாசற்படி தாண்ட விடாத அவள் உம்மாவே வெள்ளிக்கிழமையில் தலைசீவி அனுப்ப ஆரம்பித்தாள். அப்படி ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

பங்குனிக் கடைசியில் பெரிய சம்மாட்டி குண்டைப் போட்டார். பழைய வத்தையைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரன் விறகுக்குக் கேட்கிறான், கொடுக்கப் போகிறேன் என்றார். நீ கெஞ்சவில்லை. அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாய், நானும் பக்கத்தில்.

"வெறகுக்காக இல்லடா," என்றார் கடைசியில். "நீ இருக்குற வரைக்கும் சரி. ஒரு நாளு நீ படுத்துக்கிட்டா? பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நாளைக்கு ஜமாத்துல நான்ல பதில் சொல்லணும்."

"நான் இல்லாமலே ஓட்டுவாங்க மாமா."

"ஓட்டிக் காட்டச் சொல்லு. ஆனி மாசம் தெக்கேயிருந்து சோழகக் காத்து நல்லா வீசும்ல, அதுல காட்டச் சொல்லு. நீ ஏறக் கூடாது, இந்த டெய்லரும் ஏறக் கூடாது. வேற பெரிய ஆளு எவனும் ஏறக் கூடாது. அந்தா, கடலுக்குள்ள நட்டிருக்குற கம்பு, அதைச் சுத்திட்டுக் கரைக்கு வரட்டும். வந்துட்டா வத்தை அதுகளுக்கே. தோணி அனுப்பிக் கூட்டிட்டு வர்ற மாதிரி ஆச்சு, மறுநாளே காளவாய்க்குப் போயிரும்."

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "எல்லாம் சரி மாப்ளே. ஒன் கனத்துக்கு எங்கிட்டுப் போறது?"

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அதை நீ கடைசி வரை முழு மனதோடு பாராட்டவே இல்லை. ஆகவே நானே பாராட்டிக்கொள்கிறேன். மீதமிருந்த காடாத் துணியில் என் அளவுக்கே ஓர் ஆள் தைத்தேன். சட்டை, கால்சட்டை, கை, கால், உருண்டையாய் ஒரு தலை. எல்லாம் இரட்டைத் தையல். சட்டைக்குக் காலர் வைத்து, பையும் வைத்து, பித்தானுக்குக் காஜாவும் எடுத்தேன்.

"மணலுக்கு எதுக்குடா காலரு?" என்றாய்.

"எனக்குப் பதிலாப் போறவன் காலர் இல்லாம போவானா?"

கடற்கரையில் வைத்து மணலை நிரப்பினோம். மீன் நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் நான், மறு தட்டில் அவன். மணல் போட்டார்கள், போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். தராசு கோளாறு என்று அன்றே சொன்னேன்.

ஆனி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊரே வெள்ளை உடுப்போடு கரையில் வந்து நின்றது. படகெல்லாம் கரையில், கடலில் நம் வத்தை ஒன்றுதான். பிள்ளைகளின் இடுப்பில் நான் தைத்த பைகளுக்குள் சுரைக்குடுக்கைகள், விழுந்தால் மிதக்கும். மைமூன் சுக்கானில். முருகேசன் நடுவில், பாயின் கயிறு அவன் கையில். அண்ணன் தம்பி முன்னால். வலது பக்கம் நீட்டிய பலகையின் நுனியில், காலர் வைத்த சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் மணல் டெய்லர். நானே சொல்லக் கூடாது, நல்ல களை.

படகு கொஞ்ச தூரம் போனதும் பெரிய சம்மாட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏலே, ஆளு ஏறக் கூடாதுன்னேனே! அந்தா டெய்லரு ஒக்காந்திருக்கான்!"

"நான் இங்கிட்டு நிக்கிறேன் சம்மாட்டி."

அவர் என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "அவன் கொஞ்சம் அழகா இருக்கான்," என்றார்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. காற்று தெற்கிலிருந்து, படகு கிழக்கே, மணல் டெய்லர் காற்றுப் பக்கம். கம்பை அடைந்து திரும்பினார்கள். கரையில் கைதட்டல். அப்போதுதான் நீ மெல்ல, "யா அல்லா" என்றாய்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. கிழக்கே போகையில் வலது பக்கம் தெற்கு. மேற்கே திரும்பினால் இடது பக்கம்தானே தெற்கு? நானாக இருந்தால் எழுந்து இந்தப் பக்கம் வந்திருப்பேன், பலகையையும் இழுத்து மாற்றியிருப்பார்கள். மணலுக்கு அது தெரியுமா? காற்று இடது பக்கத்திலிருந்து தள்ள, நான் கட்டிய கயிற்றில் அவன் வலது பக்க நுனியிலேயே கல்லாக உட்கார்ந்திருந்தான். நிமிர்த்த வேண்டியவனே கவிழ்க்கப் பார்த்தான். என் கனத்தை அளந்து தைத்த நான், எழுந்து மாறி உட்காருகிறதை யோசிக்கவில்லை. நீயும் யோசிக்கவில்லை மச்சான். இதில் நாம் சமம்.

வத்தை சாய்ந்தது. பாயின் ஓரம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. அலை பனைமர உயரம். சரி, நீ முழங்கால் அளவு என்பாய். இடுப்பளவு என்று வைத்துக்கொள்வோம்.

கரை கத்த ஆரம்பித்தது. மைமூனின் உம்மா முக்காட்டைப் பிடித்தபடி ஓடி வந்தாள். பெரிய சம்மாட்டியின் ஆட்கள் தோணியில் கை வைத்துவிட்டார்கள். "சொல்லுடா, தள்ளவா?" என்று உன்னிடம் கேட்டார் அவர். அவர் குரலில் காளவாய் இல்லை, பயம்தான் இருந்தது. நான் கடலை நோக்கி ஓடினேன். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. கொஞ்சமும் வராது என்று வைத்துக்கொள். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே என் கையைப் பிடித்து இழுத்தாய். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரும்புப் பிடி.

"நில்லு மாப்ளே. நாம ஓடினா அதுக கண்ணு நம்ம பக்கம் வரும். இப்ப அதுக பாயைப் பாக்கணும்."

"கவுந்துரும்டா!"

"கவுந்தா மிதப்பாங்க, நானே போயி எடுத்துட்டு வாரேன். இன்னும் கவுறல. பொறுங்க மாமா, தோணிய விடாதீங்க." பிறகு மைமூனின் உம்மாவிடம், "லாத்தா, ஒங்க பிள்ள சுக்கான விடல. அதை மட்டும் பாருங்க."

உன் முகம் சந்தைக்கு வந்தவன் முகம் மாதிரி அமைதியாக இருந்தது. உன் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அது என் கைமேல் இருந்தது.

படகில் மைமூன் ஒரு கையைத் தாழ்த்தியது தெரிந்தது. அண்ணன் தம்பி பாயைத் தளர்த்தினார்கள். கயிற்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு முருகேசன் பலகையில் குப்புறப் படுத்து, கையாலேயே இழுத்து இழுத்து, தண்ணீரை உரசிக்கொண்டிருந்த நுனிவரை போனான். நடந்து போயிருந்தால் எவனும் அந்தச் சரிவில் நின்றிருக்க முடியாது. மாட்டுக் கொட்டகையில் தவழ்ந்து வளர்ந்தவன், பல்லி மாதிரி போய் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். ஒரு தள்ளு.

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, காலரோடு, மணல் டெய்லர் கடலில் விழுந்தான்.

"டெய்லரு விழுந்துட்டாருடோய்!"

கரை முழுக்க ஒரே ஓலம். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "பிள்ளைக்குட்டிக்காரனாச்சே! புதுக்கோட்டையில இருந்து சாகவா வந்தாரு!"

"அம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்."

"சும்மா இருங்க, அங்க ஒரு ஆளு செத்துக்கிட்டிருக்காரு!"

ஒரு பெரியவர் எனக்காகக் கையேந்தி துஆ கேட்கவே தொடங்கிவிட்டார். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக என்னைப் பற்றி யாரும் அதற்கு முன் பேசியதில்லை.

நீ அதையெல்லாம் பார்க்கவில்லை. உன் கண் படகிலேயே இருந்தது. கனம் போனதும் பலகை லேசாகிவிட்டது. இழுத்து இடது பக்கம் நீட்டினார்கள். முருகேசனும் அண்ணன் தம்பியும் உட்கார்ந்தபடியே பலகைமேல் நகர்ந்து நகர்ந்து நுனிக்குப் போய், மூன்று பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். மூன்று காற்றுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு டெய்லர் ஆனார்கள். மைமூன் கையைத் தூக்கினாள். பாய் இறுகியது. வத்தை மெதுவாக, தூங்கி எழுந்த மாடு மாதிரி, நிமிர்ந்தது.

 படகு நேராகக் கரைக்கு வந்து மணலில் ஏறியது. மைமூன் சுக்கானை விட்டுவிட்டு முதலில் தேடியது என்னைத்தான்.

"டெய்லர் மாமா, ஒங்களைத் தள்ளிவிட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்க."

"நல்லாத் தள்ளினம்மா," என்றேன்.

"நாந்தான் தள்ளினேன்!" என்றான் முருகேசன்.

பெரிய சம்மாட்டி வத்தையின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, "காளவாய்க்காரன வேற வெறகு பாத்துக்கிறச் சொல்லு," என்றார். நீ அப்போதுதான் என் கையை விட்டாய். ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஒரு மாதம் இருந்தது அந்தத் தடம் என்று கடையில் சொல்லி வருகிறேன். மூன்று நாள்தான் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

அப்புறம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்! ஜெகதாப்பட்டினத்திலிருந்து, மீமிசலிலிருந்து, கடலே இல்லாத எங்கள் பக்கத்திலிருந்துகூட. முருகேசன் இப்போது அறந்தாங்கியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். மைமூன் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சுக்கானில். நீ படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சம்மாட்டி கேட்டாரே, அதற்கு அவள்தான் பதில். நீ போன மறு வெள்ளிக்கிழமையும் வத்தை தண்ணீரில் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இறக்கினாள் என்று கேள்வி.

போன வாரம் நானும் போயிருந்தேன். இப்போது என்னை ஏற்றுவதில்லை; படகு தாங்காதாம். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பையனுக்கு எட்டு வயது, கால் வராது. மைமூன் அவனைப் பாயின் கயிற்றைப் பிடிக்க வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். நல்ல காற்று. வத்தை சாய்ந்தது. தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே.

"நில்லுங்க தம்பி. நீங்க ஓடினா பையன் ஒங்களப் பாப்பான். இப்ப அவன் பாயைப் பாக்கணும்."

"விடுங்கய்யா! கவுறப் போகுது!"

"இன்னும் கவுறல."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? இதுல பெரிய ஆளா?"

மச்சான், இப்படி ஒரு கேள்விக்காக நான் ஆயுள் முழுக்கக் காத்திருந்தேன். அரண்மனையில் ஆரம்பித்துச் சொல்லியிருக்கலாம். அதற்குள் பையன் கயிற்றை இழுத்தான். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு நிமிர்கிறவரை அவர் கையை விடவில்லை. முகத்தை, சந்தைக்கு வந்தவன் முகம் மாதிரி வைத்துக்கொண்டேன். கை மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியே சொல்ல மாட்டார். உன் கையைப் பற்றி நானும் சொன்னதில்லையே.